உதட்டுக்கு இரண்டும் ஒன்று

மார்ச் 4, செவ்வாய்

இந்தப் படம் என்ன சொல்கிறது? மாநகராட்சியின் தொடர்பு அதிகாரி இன்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார். தன்னடக்கமெல்லாம் இல்லை. இந்த நகரத்தின் ஒரு நாளை மூன்று வருடமாகப் படம் பிடித்திருக்கிறேன். பணிமனையிலிருந்து முதல் பேருந்து கிளம்புவதில் தொடங்கி, கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குவது வரை. வர்ணனை கிடையாது, இசை கிடையாது, தெருச் சத்தம்கூடக் கிடையாது. பார்க்க மட்டுமே. பார்த்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் நியாயம். என்னிடம் கேட்டால்?

அவர் சும்மா கேட்கவில்லை. படத்தை எடுக்கச் சொன்னது மாநகராட்சி, படம் அவர்களுடையது. புதிதாகக் கட்டியிருக்கும் கலையரங்கத்தில் முதல் படமாக ஓடப்போகிறது. இப்போது திடீரென்று அதற்கு ஒரு குரல் வேண்டுமாம். "சத்தமே இல்லாம ஓடினா ஜனங்க கொட்டாவி விடுவாங்க மேடம்." வர்ணனையைக்கூட எழுதி வைத்துவிட்டார்கள். 'விழித்தெழுகிறது நம் மாநகரம், வியர்வையே அதன் விடியல்' என்று ஆரம்பிக்கிறது. படித்துப் பார்த்து மடித்துக் கொடுத்தேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை என்று நினைக்கிறேன்.

இருபதாம் தேதி மூன்று பேர் கொண்ட குழு படத்தைப் பார்க்கும். குரல் உண்டா இல்லையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். உண்டு என்றால் படத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்வேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

ஒளிப்பதிவாளரிடம் சொன்னேன். எல்லோருக்கும் அவர் 'முக்காலி'தான். கேமராவை ஓரிடத்தில் ஊன்றினால் அரை நாளைக்கு அசைய மாட்டார். "குரல்தான் வேணும்னா ரேடியோல போட்டுக்கச் சொல்லுங்க, எனக்கு எதுக்குக் கால் வலி" என்றார்.

மார்ச் 8, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

மதியம் மேசையில் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். மேல் மாடியிலிருந்து அண்ணி இஸ்திரிப் பெட்டி கேட்டு இறங்கி வந்தார். அண்ணிக்கு ஏழு வருடமாகக் காது கேட்பதில்லை, ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. பேச்சு அப்படியேதான் இருக்கிறது, கொஞ்சம் சத்தம் கூடுதலாக. வரி ஆலோசகர் வேலையை விடவில்லை. வருகிறவர்களை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைப் பார்த்தே பேசுகிறார். சனிக்கிழமை காலையில், நடு வயதில் காது போனவர்களுக்கான உதட்டசைவு வகுப்புக்குப் போகிறார்.

முடிக்கும் முன் யாருக்கும் காட்டுவதில்லை என்பது என் கொள்கை. ஆனால் அண்ணி இஸ்திரிப் பெட்டியோடு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டார். ஓடிக்கொண்டிருந்தது தையல்கூடக் காட்சி. மூன்று பெண்கள் தலை குனிந்து தைக்கிறார்கள், ஊசிகள் ஏறி இறங்குகின்றன, உதடுகள் அசைகின்றன. தையலை எண்ணுகிறார்கள், இல்லையென்றால் பாட்டு முணுமுணுக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஊசியின் தாளத்துக்கும் உதட்டின் தாளத்துக்கும் பொருத்தம் பார்த்துப் பார்த்து வெட்டிய இடம் அது. படத்திலேயே எனக்குப் பிடித்த இடம்.

பின்னால் அண்ணி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். தோளைத் தட்டி என்ன என்று கேட்டேன்.

"நடுவுல இருக்காளே, அவ மேஸ்திரியப் பத்திச் சொல்றா. அவர் மூக்குக்கு உறை தைக்கணும்னா அளவு நாடா பத்தாதாம்."

நம்பவில்லை. திரும்ப ஓட்டினேன். அண்ணி ஒவ்வொரு வார்த்தைக்கும் விரலை ஆட்டிக் காட்டினார். மூன்றாவது முறை எனக்கே தெரிந்தது. மூக்கு! மூன்று வருடமாக இந்தப் பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவள் மூக்கு என்கிறாள்.

"இத என்னன்னு சொல்லுவே, ஊமைப் படமா?" என்றார் அண்ணி. "இதுல வாய மூடிக்கிட்டு இருக்கிற ஒரு ஆளக் காட்டு, பாப்போம்."

காட்ட முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணியை உட்கார வைத்து முழுப் படத்தையும் ஓட்டினேன். அண்ணனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டான்.

வங்கி வரிசையில் நிற்பவர் பின்னால் இருப்பவரிடம் தன் மூட்டுவலி வைத்தியம் முழுவதையும் சொல்கிறார். போக்குவரத்துக் காவலர் கையை நீட்டிக்கொண்டே யாரையோ கெட்ட வார்த்தை சொல்கிறார் (எந்த வார்த்தை என்று அண்ணி சொல்லவில்லை, ரசித்தார்). நடைமேம்பாலத்தின் அடியில் ஒருவர் இரண்டு மூட்டையோடு நின்று, படிகளை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் அதிகாரி சுவரொட்டிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார். வர்ணனையில் அவருக்கு 'நாளைய நம்பிக்கையோடு நிமிரும் உழைப்பாளி' என்று பெயர். அவர் சொல்வது: "இதக் கட்டினவன் ஒருநாள் மூட்டையோட ஏறிப் பாக்கணும்."

"உறுதியாவா அண்ணி?"

"மூட்டை உறுதி. பாக்கணும் உறுதி. மத்தது ஊகம்."

மூன்றில் ஒரு பங்குதான் உதட்டில் தெரியுமாம், மீதி ஊகம். தொண்டையில் பிறக்கும் எழுத்துகள் வெளியே வருவதே இல்லை. பகரமும் மகரமும் உதட்டுக்கு ஒன்றேதான். அதனால் அண்ணி பட்ட பாடு இந்தக் குடும்பத்துக்கே தெரியும். போன வருடம் ஒருவர் வந்து வாசலில் நின்று, "மாமா எங்க?" என்று அண்ணியின் அப்பாவைக் கேட்டார். இவர் காதில், அதாவது கண்ணில், "பாப்பா எங்க?" என்று விழுந்தது. வீட்டிலிருந்த கைக்குழந்தையைக் கேட்கிறார் என்று நினைத்து, "வயிறு முட்டக் குடிச்சிட்டுத் தூங்குது" என்றார். வந்தவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். அண்ணியின் அப்பா காப்பியைத் தவிர எதையும் குடித்தறியாதவர்.

படம் முடியும் தறுவாயில் பேருந்து நிலையக் காட்சி வந்தது. சாயங்கால வெளிச்சம். ஒரு பெண் காத்திருக்கிறாள். பேருந்து வந்து நிற்கிறது, கூட்டம் இறங்குகிறது, அவள் முகம் சட்டென்று மலர்கிறது, ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள். யார் இறங்கினார்கள் என்று கேமரா காட்டவில்லை. முக்காலி அவள் முகத்தை விட்டுத் திரும்ப மாட்டேன் என்று நின்றுவிட்டார். அவள் அம்மா என்கிறாள் என்பது மட்டும் எனக்கே தெரியும். வர்ணனையும் 'தாயைக் கண்ட மகள்' என்கிறது.

"அப்பாவாவும் இருக்கலாம்" என்றார் அண்ணி.

எனக்குப் புரியவில்லை.

"நீயே கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாரு. உதட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் மேலே போன பிறகு சொல்லிப் பார்த்தேன். அம்மா. அப்பா. அம்மா. ஒரு பெண்மணி குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் அம்மா அப்பா சொல்லிக்கொண்டிருப்பதை யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு நிம்மதி. ஒரு வித்தியாசமும் இல்லை.

மார்ச் 10, திங்கள்

பெரிய படிப்புப் படிச்சவ நான். பார்வை, மௌனம்னு பக்கம் பக்கமா எழுதினவ. கண்ணு முன்னாடி ஒரு ஊரே பேசிக்கிட்டு இருந்திருக்கு, எனக்கு அது அசைவு. தாளம். சே.

இவர்களைப் படம் பிடிக்க அனுமதி வாங்கினேன். பேச்சைக் கேட்க வாங்கவில்லையே? மேஸ்திரி படத்தைப் பார்த்தால் அந்தப் பெண்ணின் வேலை? முதலில் அந்த வாய்களையெல்லாம் வெட்ட வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

வெட்டிக்கொண்டே இருக்கிறேன். கைகள் மிஞ்சுகின்றன. முதுகுகள் மிஞ்சுகின்றன.

மார்ச் 12, புதன்

முக்காலி வந்து புது வடிவத்தைப் பார்த்தார். கடைசிவரை பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா இருக்கு. ஊர்ல எல்லாருக்கும் கழுத்துக்குக் கீழ உடம்பு நல்லாத்தான் இருக்கு."

அவர் மேலும் ஒன்று சொன்னார், அதுதான் முக்கியம். தையல்கூடத்துக்கு அவர் போன மாதம்கூடப் போயிருந்தாராம், பேன்ட் நீளத்தைக் குறைக்க. அந்தப் பெண் மூக்கு சமாச்சாரத்தை மேஸ்திரியின் முகத்துக்கு நேராகவே சொல்வாளாம். மேஸ்திரி அதற்கு வைத்திருக்கும் பதில் இன்னும் மோசமாம்.

இருந்தாலும் நேரில் போனேன். மூன்று பேரிடமும் மடிக்கணினியில் காட்சியைக் காட்டி, என்ன பேசுகிறீர்கள் என்பது தெரிகிறது, எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். நடுவில் இருப்பவள் மேஸ்திரியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். அவர் பார்த்தார், மூக்கைத் தடவிக்கொண்டார். "எடுத்தீங்கன்னா நான் இதுல எங்கேயும் வரவே மாட்டேனே" என்றார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் வாய்கள். பேருந்து ஜன்னலில், மருந்துக் கடையில், நடைபாதையில் தனக்குத்தானே. யாரும் சும்மா இல்லை. இவ்வளவு சந்தோஷமாக இந்தத் தெருவில் நான் நடந்து நினைவில்லை.

மார்ச் 13, வியாழன்

எல்லா வாய்களையும் திருப்பி வைத்துவிட்டேன். முன்பு வெட்டி ஒதுக்கியதில் இரண்டைக் கூடுதலாகச் சேர்த்தேன்.

மார்ச் 17, திங்கள்

தொடர்பு அதிகாரி அழைப்பிதழின் மாதிரியைக் கொண்டுவந்தார். மரியாதையான மனிதர், தன்னை எதிரியாக நினைக்க விடமாட்டார், அதுதான் கஷ்டம். அழைப்பில் 'ஊமைப் படம்' என்று இருந்தது. அந்த வார்த்தை வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். பொய் என்பதால் என்றேன். பேனாவை எடுத்து அடித்துவிட்டு 'ஒலியில்லாத படம்' என்று எழுதிக்கொண்டார். ஆனால் குரல் கொடுப்பவர் தேதி கொடுத்துவிட்டார், அடுத்த திங்கட்கிழமை ஒலிப்பதிவு என்றும் சொன்னார். அப்படியானால் குழு எதற்குப் பார்க்கிறது? "முறைன்னு ஒண்ணு இருக்கில்ல மேடம்."

முறைதானே. முறைப்படி நானும் சிலரை அழைக்கலாமா என்று கேட்டேன். இரண்டு வரிசை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அண்ணியிடம் சொன்னேன். "வகுப்பு மொத்தமும் வரும்" என்றார். "முன்வரிசை குடு. பின்னாடி உக்காந்தா எங்களுக்குப் பாதி செவிடு."

மார்ச் 19, புதன்

நாளைக்கு எந்தப் புடவை என்ற கேள்விக்கு ஒரு மணி நேரம் போயிற்று. எனக்கு.

மார்ச் 20, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மாநகராட்சிக் கட்டிடத்தின் சிறிய திரையரங்கு. நடுவில் குழு: தலைவரான பெண்மணி, ஒரு பேராசிரியர், ஒரு தலைமைப் பொறியாளர். அவர்களுக்கு முன்னால் இரண்டு வரிசையில் அண்ணியும் வகுப்புக்காரர்களும். அவர்கள் யாரென்று நான் யாருக்கும் சொல்லவில்லை. பின்னால் அழைப்பின்பேரில் வந்த பொதுமக்கள். கதவோரம் நானும் முக்காலியும்.

முதல் பத்து நிமிடம் வழக்கம்போல. யாரோ இருமினார்கள், யாரோ நாற்காலியைக் கிறீச்சிட வைத்தார்கள், பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்து, நான் சொல்லவில்லையா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.

தையல்கூடம் வந்தது. முன் இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தன.

குழுத் தலைவர் திரையைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். மூன்று பெண்கள் தைக்கிறார்கள், இதில் என்ன சிரிப்பு? முன்னால் சாய்ந்து அண்ணியின் தோளைத் தட்டினார். அண்ணி திரும்பி அந்த அம்மாளின் வாயைப் பார்த்து, கேள்வியைப் புரிந்துகொண்டு, பதில் சொன்னார். அண்ணியின் குரல் அரங்கத்தின் கடைசி நாற்காலிவரை போகும்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் யாரும் சும்மா உட்காரவில்லை. பின்வரிசைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்து காலி நாற்காலிகளைப் பிடித்தார்கள். அந்தக் காவலர் என்ன சொல்றார், அந்தக் கிழவர் என்ன சொல்றார். வகுப்புக்காரர்களுக்குள்ளேயே சண்டை. ஓய்வுபெற்ற நீதிமன்றத் தட்டச்சர் ஒருவர் 'மாடு' என்கிறார், பக்கத்து அம்மாள் 'பாடு' என்கிறார், இருவருக்கும் ஆள் சேர்கிறது. காது கேட்பவர்களும் ஊகிக்க ஆரம்பித்தார்கள், முக்கால்வாசி தப்பு. தப்பைத் திருத்த நாலு பேர். நான் ஒலியை எடுத்துவிட்ட படத்துக்கு இவ்வளவு சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. முக்காலி என் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தார்.

நடைமேம்பாலம் வந்தது. மூட்டைக்காரர் அண்ணாந்து சிரித்தார். தட்டச்சர் உரக்க, தெளிவாகச் சொன்னார்: "இதக் கட்டினவன் ஒருநாள் மூட்டையோட ஏறிப் பாக்கணும்."

தலைமைப் பொறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பாலம் அவர் கையெழுத்தில் எழுந்தது என்று பிறகுதான் அதிகாரி என் காதில் சொன்னார். தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பொறியாளர் சிரிக்கவில்லை.

பேருந்து நிலையம். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. பாதி அரங்கம் அம்மா என்றது, பாதி அப்பா என்றது. தலைவர் அண்ணியைத் தட்டி எது சரி என்று கேட்டார்.

"தெரியாதுங்க. யாருக்கும் தெரியாது. யாராச்சும் குரல் குடுத்தா தெரிஞ்ச மாதிரி ஆயிடும்."

இது நான் சொல்லிக் கொடுத்ததல்ல. சத்தியமாக.

விளக்கு போட்டதும் கைதட்டல். நீண்ட கைதட்டல், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத ஒருவர் வந்து, அது அப்பாதான், அப்படி முகம் மலர்வது அப்பாவுக்குத்தான் என்று என்னிடம் வாதாடினார். அவர் சட்டைப்பையில் ஒரு சின்னப் பெண்ணின் போட்டோ தெரிந்தது.

ஆனால் குழு ஒன்றும் சொல்லவில்லை. பொறியாளர் யாரிடமும் விடைபெறாமல் போனார். நாளைக் காலை அலுவலகத்துக்கு வரும்படி அதிகாரி சொன்னார். மனிதர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

எனக்குத் தெரியும். ஒரு பொறியாளரை அவர் பாலத்தை வைத்தே எல்லார் முன்னிலையிலும் கேலிக்கு ஆளாக்கிவிட்டு, அவர் எனக்குச் சாதகமாகக் கையைத் தூக்குவார் என்று எதிர்பார்க்க நான் சின்னப் பிள்ளை இல்லை. பரவாயில்லை. இன்று நடந்தது நடந்ததுதான், அதன்மேல் யாரும் குரல் பூச முடியாது. பெயரை எடுக்கச் சொல்லி என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருக்கிறேன். சுருக்கமாக, குரல் உயராமல்.

மார்ச் 21, வெள்ளி

நடந்தது இது.

பத்து மணிக்குப் போனேன். அதிகாரியின் நாற்காலி காலி. அறையில் பாதி நாற்காலிகள் காலி. மிச்சமிருந்த ஒரே குமாஸ்தா தலை நிமிராமல், "எல்லாரும் திரையரங்குல இருக்காங்க மேடம், நான் மட்டும் ஃபோனுக்குக் காவல்" என்றார், பெருமூச்சோடு. அப்புறம், பேச்சோடு பேச்சாக: "குரல் ரத்து ஆயிடுச்சே, உங்களுக்குச் சொல்லலையா? நேத்தே மூணு பேரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. பொறியாளர்தான் முதல்ல போட்டாராம். அந்த மூட்டைக்காரர் பேசினதுக்கு மேல நாம பேசறதுக்கு என்ன இருக்குன்னாராம்."

நான் சரி என்றேன். யோசித்து வைத்திருந்த பேச்சுக்கு இனி வேலை இல்லை.

திரையரங்கின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தம். நேற்று பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டு, கட்டிடமே கூடியிருக்கிறது போலும். வெளியே நின்றேன். உள்ளே என்ன ஓடுகிறது என்று என்னால் சொல்ல முடிந்தது. இந்தச் சிரிப்பு தையல்கூடம். இந்த ஆரவாரம் பாலம். இந்தச் சண்டை பேருந்து நிலையம். சத்தமில்லாத என் படத்தை, கதவுக்கு வெளியே நின்று காதால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு பெரிய கூச்சல். எனக்குத் திகைப்பாக இருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பிறகு அலுவலகம் விட்ட நேரத்துத் தாழ்வாரம். தரை துடைக்கிறார்கள், ஒருவர் கடந்து போகிறார், அவ்வளவுதான். இருமுறை வெட்டிவிட நினைத்த காட்சி.

கதவைத் திறந்தேன்.

திரையில் இந்தக் கட்டிடத்தின் தாழ்வாரம், ஒரு துப்புரவுப் பெண்மணி. அதே பெண்மணி முன்வரிசையில் எழுந்து நிற்கிறார். எதிரே ஃபோனில் பேசியபடி ஈரத் தரையில் நேராக நடந்து வருபவர், நம் தொடர்பு அதிகாரியேதான். அப்போது மீசை வைத்திருந்தார், இத்தனை முறை பார்த்தும் அவர்தான் என்று நான் கவனித்ததில்லை. பெண்மணி கையை நீட்டி, திரையில் தன் வாய் அசைவதற்குச் சரியாக, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஈரமா இருக்கு சார், ஓரமாப் போங்க. சார். சார். காதுல விழுதா?"

"இப்ப விழுதும்மா" என்றார் இருட்டுக்குள்ளிருந்து அதிகாரி.